மலேரியா செலவு பத்தின ஆராய்ச்சில வேலை, எகனாமிக்ஸ் படிச்சவங்களுக்கு அங்க என்ன இருக்கு?

கோலிவாடா_பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் மும்பை சயான் கோலிவாடால இருக்கேன், எம்ஏ எகனாமிக்ஸ் இந்த வருஷம்தான் முடிச்சேன். ஒரு ஆராய்ச்சி டீம்ல ஃபீல்டு வேலைக்கு செலக்ட் ஆயிருக்கேன். மலேரியா வந்தா ட்ரீட்மெண்டுக்கு எவ்ளோ ஆகுது, வராம தடுக்க எவ்ளோ ஆகுது, இதைப் பத்தின ஸ்டடி, ஹெல்த் எகனாமிஸ்ட் ஒரு மேடம் நடத்துறாங்க. மழை ஆரம்பிக்கிறப்போ சேரணும்.

அப்பாவுக்கு இது புரியவே மாட்டேங்குது. "குளிர்காய்ச்சலுக்கு டாக்டர் இருக்கான், மாத்திரை முனிசிபாலிட்டில சும்மா குடுக்குறான், இதுல நீ என்ன கணக்கு எழுதப் போற, பேசாம பேங்க் பரீட்சை எழுது"ன்னு தினமும் சொல்றார். உண்மையைச் சொன்னா எனக்கும் அவருக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. இந்த வேலைல நிஜமாவே என்ன பண்ணுவாங்க, பண்ணி அதனால யாருக்காவது ஏதாவது மாறியிருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

தேவ்னார்_வாசி எழுதியது:

வாழ்த்துக்கள்மா. நான் இந்தத் துறைலதான் ரொம்ப வருஷமா இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படி.

உங்க அப்பா கேட்டதுதான் இந்தத் துறையோட முதல் கேள்வியே. மாத்திரை சும்மா கிடைக்குதுன்னா செலவு எங்க இருக்கு? மும்பைல அதிகமா வர்றது வைவாக்ஸ் மலேரியா, அதுக்கு க்ளோரோகுயின் 3 நாள், ப்ரைமாகுயின் 14 நாள், ரெண்டுமே பழைய மருந்து, விலை ரொம்பக் கம்மி, அரசாங்க இடத்துல காசே இல்ல. ஆனா நாக்கால, அதாவது கூலி ஆள் எடுக்குற தெருமுனைல, நின்னு நாள் கூலிக்குப் போற ஒருத்தருக்கு காய்ச்சல் வந்தா என்ன நடக்குதுன்னு பாரு. முதல் நாள் க்ரோசின் போட்டுட்டு வேலைக்குப் போவார், ரெண்டாவது நாள் பக்கத்து சந்து டாக்டர்கிட்ட ஊசி, மூணாவது நாள் அவர் தனியார் லேபுக்கு எழுதிக் குடுப்பார், மலேரியா டெங்கு டைஃபாய்டு எல்லாம் சேத்து, அதுக்கப்புறம்தான் முனிசிபல் டிஸ்பென்சரில ரத்தம் எடுத்து மலேரியான்னு சொல்லுவாங்க. அதுக்குள்ள ஒரு வாரக் கூலி போச்சு, துணைக்கு வந்த சம்சாரத்தோட வீட்டு வேலைக் காசும் போச்சு, முதலாளிகிட்ட அட்வான்ஸ் வேற வாங்கியாச்சு. சும்மா கிடைச்ச மாத்திரை கடைசில வருது, அதுக்கு முன்னாடி ஆன செலவுதான் அந்தக் குடும்பத்தை உக்கார வைக்குது. இதை எண்ணிக் காட்டுறதுதான் உன் வேலை.

எண்ணுறதும் சுலபம் இல்ல. "இந்தக் காய்ச்சலுக்கு எவ்ளோ செலவாச்சு"ன்னு மொத்தமா கேட்டா டாக்டர் ஃபீசை மட்டும் சொல்லிட்டு விட்டுருவாங்க. முதல் முதல்ல உடம்பு சரியில்லன்னு எப்போ தெரிஞ்சுது, அன்னைக்கு என்ன பண்ணீங்க, எங்க போனீங்க, எதுல போனீங்க, யாரு கூட வந்தா, அவங்க அன்னைக்கு என்ன வேலைய விட்டுட்டு வந்தாங்க, இப்படி நாள் நாளா கூட்டிட்டுப் போனாத்தான் ஆட்டோ காசு, இளநீ, ரெண்டாவது தடவை எடுத்த டெஸ்ட், வட்டிக்கு வாங்கினது எல்லாம் ஒண்ணொண்ணா வெளிய வரும். எனக்கு இந்த வேலைல ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான்.

இது புதுசா வந்த யோசனையும் இல்ல. 1930கள்லயே ஜான் சிண்டன்னு ராணுவ டாக்டர் ஒருத்தர், மலேரியாவால இந்தியாவுக்கு எவ்ளோ நஷ்டம், விளைச்சல்ல, தோட்டத் தொழில்ல, சம்பளத்துல என்னென்ன போகுதுன்னு கணக்குப் போட உக்காந்தார். சாவு மட்டுமே நஷ்டம் இல்ல, வேலைக்கு வர முடியாத நாளும் நஷ்டம்னு அவர் அப்பவே எழுதிட்டார்.

மாட்டுங்கா_மெடிக்கல் எழுதியது:

நான் மருந்துக்கடை வச்சிருக்கேன், அதனால என் பக்கத்துலேந்து ஒண்ணு சொல்றேன். தேவ்னார்_வாசி சார் 14 நாள்னு ஒரு வார்த்தைல சொல்லிட்டுப் போயிட்டார், பிரச்சனையே அந்த 14 நாள்தான். காய்ச்சல் 3 நாள்ல நின்னுடும், ஆள் வேலைக்குக் கிளம்பிடுவான், மீதி ப்ரைமாகுயின் அலமாரில கிடக்கும். ஆனா வைவாக்ஸ் கிருமி கல்லீரல்ல தூங்கிட்டு இருக்கும், அதைக் கொல்லத்தான் அந்த 14 நாள் மாத்திரை. முடிக்கலன்னா கொஞ்ச மாசம் கழிச்சு கொசு கடிக்காமலே திரும்ப அதே குளிர், அதே நடுக்கம். சீட்டு எடுத்துட்டு வர்றவங்ககிட்ட ஒவ்வொரு தடவையும் சொல்றேன், சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க, வெறும் வயித்துல வலிக்கும், சிறுநீர் கருப்பாப் போனா உடனே நிறுத்திட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க, கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் இது கூடாதுன்னு. கேட்டுக்கிறவங்களும் இருக்காங்க, தலையாட்டிட்டுப் போறவங்கதான் நிறைய.

என் கருத்து என்னன்னா, சும்மா குடுக்குறதாலதான் மதிப்பு இல்ல. பத்து ரூபாயாவது வாங்கினா முழுசா சாப்பிடுவான். கொசுவலையும் அப்படித்தான், ஆப்பிரிக்கால ஓசில குடுத்த வலைய வச்சு மீன் பிடிக்கிறாங்கன்னு நானே பேப்பர்ல படிச்சிருக்கேன். காசு குடுத்து வாங்குனவன்தான் கட்டிப் படுப்பான். எகனாமிக்ஸ் படிச்சவங்க இதுக்கு என்ன சொல்றீங்க?

தேவ்னார்_வாசி எழுதியது:

மெடிக்கல் சார், நீங்க சொன்னதை ரொம்ப காலம் பெரிய பெரிய நிறுவனங்களே நம்பிட்டு இருந்தாங்க, கொஞ்சமாவது விலை வச்சாத்தான் தேவைப்பட்டவன் வாங்குவான், வாங்கினவன் உபயோகிப்பான்னு. சரியான்னு பாத்துடலாம்னு ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டூபாஸ்னு ரெண்டு பேர் கென்யால ஆராய்ச்சி பண்ணாங்க, முடிவு 2010ல வந்துச்சு. கர்ப்பிணிகள் செக்கப்புக்கு வர்ற க்ளினிக்குகள்ல, எந்த க்ளினிக்ல கொசுவலை இலவசம், எதுல எவ்ளோ விலைங்கறதை குலுக்கல் மாதிரி பிரிச்சாங்க. அதிகபட்ச விலையே 60 அமெரிக்க சென்ட்தான், வலையோட அசல் விலைல ரொம்பச் சின்ன பங்கு. இலவசத்துலேந்து அந்த 60 சென்டுக்குப் போனதுமே வாங்குறவங்க 60 சதவீதப் புள்ளி சரிஞ்சிட்டாங்க. சரி, காசு குடுத்தவங்களாவது ஒழுங்கா உபயோகிச்சாங்களான்னு வீடு வீடா போய்ப் பாத்தா, இலவசமா வாங்கினவங்களும் அதே அளவுக்குத்தான் கட்டிப் படுத்திருக்காங்க. காசு வாங்கினதால உபயோகம் கூடல, கை நீட்டி வாங்குறவங்கதான் குறைஞ்சாங்க. வலைல மீன் பிடிக்கிறது சில ஏரிக்கரைகள்ல நிஜமாவே நடக்குது, ஆனா அதை வச்சு ஊர் மொத்தத்துக்கும் விலை வைக்க முடியாது.

கொசுவலைல இன்னொரு விஷயம், மருந்து தோய்ச்ச வலைல உக்கார்ற கொசு செத்துடும், அதனால நீங்க கட்டிப் படுத்தா அடுத்த வீட்டுக்காரனுக்கும் நல்லது. அந்த நல்லதுக்கு நீங்க ஏன் காசு குடுக்கணும்? அதனாலதான் அரசாங்கம் குடுக்கணும்ங்கறது. 2000லேந்து 2015 வரைக்கும் ஆப்பிரிக்கால தடுக்கப்பட்ட மலேரியா 66 கோடி கேசுக்கு மேலன்னும், அதுல மூணுல ரெண்டு பங்கு வலையாலதான்னும் கணக்கு வந்திருக்கு. பெரும்பாலும் சும்மா குடுத்த வலை.

ஆனா மருந்து விஷயத்துல, மலிவாக் குடுத்தா வீணாப் போகும்ங்கற உங்க பயத்துல நியாயம் இருக்கு, அதையும் சொல்லியாகணும். க்ளோரோகுயின் ஒரு ஆளுக்கு 10 சென்ட்ல முடிஞ்சிட்டு இருந்துச்சு, மலேரியாவோட இன்னொரு வகையான ஃபால்சிபாரம் கிருமி அதுக்கு அடங்காமப் போனதும் ஆர்டிமிசினின் சேத்த கூட்டு மருந்து வந்துச்சு, அதுக்கு 2 டாலர் பக்கம் ஆச்சு. ஏழை நாட்டுல கடைல போய் யாரு வாங்குவா? 2004ல கென்னத் ஆரோ, நோபல் வாங்கின எகனாமிஸ்ட், அவர் தலைமைல ஒரு குழு, உலக நாடுகள் சேந்து மேல் மட்டத்துலயே, அதாவது கம்பெனிகிட்ட மருந்து வாங்குற இடத்துலயே, மானியம் குடுத்தா கடைல விலை தானா இறங்கிடும்னு சொல்லுச்சு, பிற்பாடு சில நாடுகள்ல நடத்தியும் பாத்தாங்க. விலை இறங்குச்சு, மருந்தும் போய்ச் சேந்துச்சு. கென்யால இதை அலசினப்போ தெரிஞ்சது, மானிய விலைல கடைல மருந்து வாங்கினவங்கள்ல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் நிஜமா மலேரியா, மத்தவங்களுக்கு வேற ஏதோ காய்ச்சல். அதனால மானியத்துல ஒரு பங்கை எடுத்து விரல்ல குத்திப் பாக்குற கிட் டெஸ்டுக்குத் திருப்புனா மருந்து சரியான ஆளுக்குப் போகும்னு அந்த ஆராய்ச்சி சொல்லுச்சு. ஒரே ரூபாய மாத்திரைல வைக்கிறதா டெஸ்ட்ல வைக்கிறதா, இது டாக்டர் மட்டும் சொல்லி முடிக்கிற விஷயம் இல்ல. கோலிவாடா_பொண்ணு, உங்க அப்பாவுக்கு இதைச் சொல்லு.

அதே 14 நாள் தொல்லைக்கு டாஃபினோகுயின்னு ஒரே வேளை மருந்து 2018ல அமெரிக்கால அனுமதி வாங்கிடுச்சு, ஆனா குடுக்குறதுக்கு முன்னாடி ரத்தத்துல ஜி6பிடிங்கற நொதியோட அளவு பாக்கணும், அதுக்கு மெஷின் வேணும். மெஷின் செலவு பெருசா, பாதில விட்டு திரும்பக் காய்ச்சல் வர்ற செலவு பெருசா, இது அப்படியே ஒரு ஆராய்ச்சித் தலைப்பு.

அந்தேரி_மேஸ்திரி எழுதியது:

நல்லாப் பேசுதீக. நான் கட்டட வேலைல சூப்பர்வைசர், சொந்த ஊர் நெல்லைப் பக்கம். கொசு எங்க சைட்லதான் பொறக்குதுன்னு எல்லாரும் சொல்லுதாக, அது உண்மைதான், மறுக்கல. ஸ்லாப் போட்டதும் க்யூரிங்க்கு, அதாவது காங்கிரீட் இறுகுறதுக்கு, மேல சிமெண்ட் கலவைல சின்னச் சின்னதா பாத்தி கட்டித் தண்ணி நிறுத்துவோம், வாரக் கணக்குல நிக்கும். கீழ லிஃப்ட் குழில மழைத்தண்ணி, ட்ரம்முல தண்ணி, பேஸ்மெண்ட்ல தண்ணி. மலேரியா கொசுக்கு சாக்கடை வேண்டாம், இந்த மாதிரி சுத்தமாத் தெளிஞ்ச தண்ணிதான் வேணும். பிஎம்சி, அதான் மும்பை முனிசிபாலிட்டி, ஆளு வந்து ஒரு கரண்டியால மேலாப்புல அள்ளி வெள்ளைத் தட்டுல ஊத்திக் காட்டுவாக, ஊசி நுனி கணக்கா புழு தண்ணி மட்டத்துல படுத்தாப்புல கிடக்கும், அதான் அனாஃபிலிஸ். டெங்கு கொசுப் புழு தலைகீழாத் தொங்கும். அவுக காட்டித்தான் எனக்கே தெரியும்.

முட்டைலருந்து கொசுவாப் பறக்க ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், அதுக்குள்ள ஒரு தடவை பாத்தியைத் தொறந்து விட்டுட்டுத் திரும்ப நிறுத்துனா புழு காஞ்சு செத்துரும். ரெண்டு ஆளு அரை நாள் வேலை. அந்த அரை நாள் கூலியை யாரு குடுப்பா? கான்ட்ராக்டர் ரேட்ல அது கிடையாது, பில்டர் கேட்டா அபராதம் வந்தா கட்டிக்கிடலாம்ங்கான். காய்ச்சல் வாரது தகரக் கொட்டகைல படுத்துக் கிடக்க பீகார்ப் பயலுவளுக்கும் பக்கத்துச் சால்ல, அதான் வரிசை வீட்டுல, இருக்கவங்களுக்கும். உங்க படிப்புல இதுக்கு ஏதாவது பேரு உண்டா? என் ஆளுங்கள்ல ஒருத்தனுக்கு மலேரியான்னா ஒரு வாரம் கேங்கே அரைகுறையா நிக்கும், அந்த நஷ்டத்தைக் கணக்குப் போட்டா அரை நாள் கூலி தூசு. பில்டர் கண்ணுல அது படவே மாட்டேங்கு.

தேவ்னார்_வாசி எழுதியது:

அண்ணாச்சி, நீங்க எழுதுனது முழு ஆராய்ச்சிக் கட்டுரைக்கு உண்டான விஷயம். ஒருத்தர் மிச்சம் பிடிக்கிற செலவு இன்னொருத்தர் தலைல விழுது, ரெண்டு பேரும் ஒரே கணக்குப் புத்தகத்துல வரல. நாங்க பண்றது அந்த ரெண்டையும் ஒரே பக்கத்துல எழுதி வைக்கிறது. பில்டர் பார்வைல கணக்குப் போட்டா தண்ணிய விட்டுடலாம்னு வரும், ஊர் மொத்தத்தோட பார்வைல போட்டா வாரம் ஒரு தடவை தொறந்து விடுறதுதான் மலிவுன்னு வரும். அபராதம் எவ்ளோ இருக்கணும்ங்கறதையும் அந்த ரெண்டாவது கணக்குலேந்துதான் எடுக்கணும்.

நீங்க சொன்ன கொசு அனாஃபிலிஸ் ஸ்டீபன்சை. பம்பாய்ல கிணறும் தண்ணித் தொட்டியும்தான் காரணம்னு 1911லயே பெண்ட்லின்னு ஒரு டாக்டர் அறிக்கை குடுத்தார், மெட்ராஸ்லயும் இதே கொசு, இதே மாடித் தொட்டி. இப்போ அது கடல் தாண்டிடுச்சு, 2012ல ஆப்பிரிக்காவோட ஜிபூட்டில கண்டுபிடிச்சாங்க, 2022ல எத்தியோப்பியாவோட டிரே டாவா நகரத்துல வந்த மலேரியாவுக்கும் இதுதான் காரணம். அங்க இதுவரைக்கும் கிராமத்துக்கு வலை, வீட்டுச் சுவருக்கு மருந்துன்னுதான் பணம் ஒதுக்கினாங்க, நகரத்துத் தொட்டிக்கு மூடி போடுறதுக்கு என்ன ஆகும்ங்கற கணக்கு இனிமேதான் வேணும். நம்ம ஊர் அனுபவம் அவங்களுக்கு நேரடியா உதவும்னு நான் மனசார நம்புறேன்.

கோலிவாடா_பொண்ணு, வேலை போயிடுமோ, மலேரியாதான் குறையுதேன்னு நினைக்காத. குறையுற நேரம்தான் ஆபத்தான நேரம். இலங்கைல 1963ல வெறும் 17 கேஸ். ஒழிஞ்சிடுச்சுன்னு மருந்தடிக்கிறதை நிறுத்தினாங்க, 1960கள் முடியுறதுக்குள்ள 5 லட்சத்தைத் தாண்டுச்சு. திரும்பப் போராடி மலேரியா இல்லாத நாடுன்னு சர்டிஃபிகேட் வாங்க 2016 ஆச்சு. நம்ம நாட்டுலயும் 1960கள்ல ஒரு லட்சம் பக்கம் இறங்கினது 1976ல 64 லட்சம். இப்போ இந்தியா 2030க்குள்ள ஒழிக்கிறதா இலக்கு வச்சிருக்கு. கேஸ் குறையக் குறைய ஒரு கேசைத் தேடிப் பிடிக்க ஆகுற செலவு ஏறிட்டே போகும், அப்போ பட்ஜெட் போடுற ஆள் இதுக்கு எதுக்கு இவ்ளோன்னு கேப்பார். நிறுத்தினா என்ன ஆகும்னு எண்ணிக்கையோட பதில் சொல்ல ஆள் வேணும்.

இன்னொண்ணும் இப்பவே தெரிஞ்சு வச்சுக்கோ. எங்க துறைல டாலின்னு ஒரு அளவு உண்டு, நோயால போன ஆரோக்கியமான வருஷங்களை எண்ணுறது. 2023ல உலகத்துல 5,97,000 பேர் மலேரியால செத்தாங்க, பெரும்பாலும் ஆப்பிரிக்கால, அதுலயும் அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்கதான் அதிகம். ரெண்டு வயசுக் குழந்தை செத்தா அந்த அளவுல பல பத்து வருஷம் ஏறும். மும்பைல வைவாக்ஸ் வந்து ஒரு வாரம் படுத்து எழுந்தவர் அந்த அளவுல கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரிவார், ஆனா அவர் வீட்ல அந்த மாசம் வாடகை நின்னிருக்கும். அதனால தடுப்பூசிய எந்த நாட்டுக்கு முதல்ல குடுக்கணும்னு முடிவு பண்ண டாலி ரொம்ப நல்ல அளவு, புனேல தயாராகுற ஆர்21 ஊசி ஒரு டோஸ் 2லேந்து 4 டாலர்னு 2023ல சொன்னாங்க, அது அந்தக் குழந்தைங்களுக்குத்தான் முதல்ல போகணும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. நம்ம ஊருக்கு வாடகை நின்ன கணக்கும் சேந்து இருக்கணும்.

கோலிவாடா_பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. அப்பாவுக்கு மேஸ்திரி அண்ணன் எழுதினதை வாசிச்சுக் காட்டினேன், ஒண்ணும் சொல்லல, ஆனா பேங்க் பரீட்சை பேச்சை இன்னைக்கு எடுக்கல. சேரலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும். போன வருஷம் என் தம்பிக்கு மலேரியா வந்தப்போ அம்மாதான் ராத்திரி பகலா பாத்துக்கிட்டாங்க. அம்மா வீட்ல இட்லி மாவு அரைச்சு சைக்கிள்ல இட்லி விக்கிறவங்களுக்குக் குடுக்குறாங்க, அந்த வாரம் பாதிதான் அரைச்சாங்க, அப்புறம் ரெண்டு பேர் வேற இடத்துல வாங்க ஆரம்பிச்சுட்டாங்க. அம்மாகிட்ட உனக்கு எவ்ளோ நஷ்டம்னு கேட்டா "எனக்கென்ன நஷ்டம், வீட்லதானே இருந்தேன்"னு சொல்றாங்க. இந்த மாதிரி ஆளுங்ககிட்ட எப்படிக் கேக்குறது, எப்படிக் கணக்கு எழுதுறது?

செம்பூர்_அக்கா எழுதியது:

இதுக்கு நான் சொல்றேன்மா, கோவண்டி மான்குர்ட் பக்கமெல்லாம் சர்வே வேலைல நிறைய சுத்தியிருக்கேன்.

நஷ்டம்ங்கற வார்த்தையே கேக்காத. காய்ச்சலுக்கு முந்தின வாரம் எத்தனை கிலோ அரிசி ஊற வச்சீங்க, அந்த வாரம் எத்தனை, அடுத்த வாரம் எத்தனைன்னு கேளு. கிலோ கணக்கு யாரும் மறக்க மாட்டாங்க, டக்குனு சொல்லுவாங்க. வாங்கிட்டு இருந்தவங்கள்ல யாரு திரும்ப வரலைன்னும் கேளு, அந்த நஷ்டம் காய்ச்சல் போனப்புறமும் மாசக் கணக்கா ஓடும், நிறைய படிவத்துல அதுக்குக் கட்டமே இருக்காது, ஓரத்துல எழுதி வச்சு உங்க மேடம்கிட்ட காட்டு.

சம்பாத்தியமே இல்லாம வீட்ல இருக்குற அம்மாவுக்கும் பூஜ்யம் போடக் கூடாது. ரெண்டு வழி உண்டு, அந்த நேரத்துல வெளிய வேலைக்குப் போயிருந்தா என்ன கிடைச்சிருக்கும்னு வைக்கிறது, இல்லன்னா அதே கவனிப்புக்கு ஒரு ஆள் வச்சிருந்தா என்ன குடுத்திருக்கணும்னு வைக்கிறது. ரெண்டுக்கும் தொகை வேற வேற வரும், எதை எடுக்குறோம்னு டீம் முன்னாடியே முடிவு பண்ணி எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி போடணும். முதல் நாளே இதை மேடம்கிட்ட கேட்டுடு, கேட்டா சந்தோஷப்படுவாங்க.

அப்புறம் வீட்டு ஆம்பளைங்க உக்காந்திருக்கும்போது பொம்பளைங்ககிட்ட காசு விஷயம் கேக்காத, அவரே பதில் சொல்லிடுவார். குழாய்ல தண்ணி வர்ற நேரத்துல கதவைத் தட்டாத, உன்னை உக்கார வச்சுட்டு அவங்க குடத்தைத்தான் பாத்துட்டு இருப்பாங்க. மத்தியானம் சாப்பாடு முடிஞ்சு பாத்திரம் கழுவுற நேரம் போ, அப்போ பேசுவாங்க. லேப் ரசீது, மாத்திரை அட்டை எது இருந்தாலும் எடுத்துட்டு வரச் சொல்லு, ப்ரைமாகுயின் அட்டைல எத்தனை மிச்சம் இருக்குன்னு கண்ணால பாத்து எழுது, முழுசா சாப்பிட்டேன்னு வாயால சொல்றதோட நிறுத்திடாத. மிச்சம் இருந்தா திட்டாத, டிஸ்பென்சரில போய் ஒரு வார்த்தை கேக்கச் சொல்லிட்டு வா. மழைக்கு நல்ல செருப்பும் படிவம் நனையாம வைக்க ப்ளாஸ்டிக் ஃபைலும் வாங்கிக்கோ, சேந்தப்புறம் எப்படிப் போகுதுன்னு இங்கயே எழுது.